மரபு வில்லுக்குக் கார்பன் அம்பு: முதல் செட்டைத் தேர்ந்து, வெட்டி, சரிசெய்வது எப்படி?

மர அம்பில் பழகியவர்கள் கார்பனுக்கு மாறும்போது பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கப்பிகள் பொருத்திய நவீன காம்பவுண்ட் வில்லுக்காகக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் அம்பை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். அது விறைப்பாகவும் இலேசாகவும் இருக்கும். லாங்போ என்னும் நீண்ட மரபு வில்லிலிருந்து விட்டால் வாலை ஆட்டிக்கொண்டே போகும், போகிற போக்கில் வில்லின் பக்கவாட்டில் ‘டக்’கென்று இடிக்கும். கார்பனே மரபு வில்லுக்கு ஆகாது என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் வளைந்துகொடுக்கும் தண்டாகவும், எடை முன்பக்கம் கூடியதாகவும் அமைத்துப் பாருங்கள், அதே கார்பன் மிக நேராகப் போகும்.

கார்பன் அம்பு மரபைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். கொரியாவில் 145 மீட்டர் தூர இலக்கில் மரபு முறைப்படி எய்பவர்களில் ஏராளமானோர் இன்று கார்பன் அம்பைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் மரபு வில்வித்தையான கியூதோ பயிற்சிக்கூடங்களிலும் மூங்கிலோடு அலுமினியமும் கார்பனும் புழங்குகின்றன. போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் முதலிலேயே விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் லாங்போ பிரிவில் மர அம்புக்கு மட்டுமே இடம்.

கீழே சொல்வதெல்லாம் ஷெல்ஃபின் (கைப்பிடிக்கு மேல் அம்பு தங்கும் திட்டு) மேலேயே அம்பை வைத்து எய்யும் லாங்போவுக்கும், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வுக்கும் பொருந்தும். திசைகள் வலக்கை வில்லாளருக்கானவை. இடக்கையர் இடம், வலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. உங்கள் கையில் வில் எத்தனை பவுண்டு?

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு எண், அதாவது இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கானது. நீங்கள் 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றால், அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு வரை குறையும். அதாவது 45 பவுண்டு வில் உங்களுக்கு 40 பவுண்டுதான். நீளமான அம்பு ஒன்றை நாணில் பூட்டி வழக்கம்போல முழுதாக இழுங்கள். வில்லின் முன்பக்க விளிம்பு அம்பைத் தொடும் இடத்தில் இன்னொருவர் பேனாவால் குறிக்கட்டும். ஐந்து தடவை குறித்தால் உண்மையான நீளம் தெரியும். உடல் சூடாகாத முதல் இழுப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

2. ஸ்பைன் எண்ணைப் படிப்பது

தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்தான் ஸ்பைன். மரத்தில் பழகியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மர அம்பில் எண் கூடினால் விறைப்பு கூடும், கார்பனில் எண் கூடினால் விறைப்பு குறையும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். மரத்துக்கு அளவே வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, 26ஐத் தொய்வால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு.

இதைக் கவனிக்காமல் 26ஐ 0.5ஆல் வகுத்து, 500 கார்பன் என்றால் 52 பவுண்டு மரம் என்று முடிவு செய்கிறார்கள். தாங்கிகளின் இடைவெளி குறைந்தால் தொய்வும் குறையும். அந்த 500 தண்டையே மர அளவியில் வைத்தால் 0.41 அங்குலம்தான் தொய்யும், கணக்கு 63 பவுண்டுக்குப் போகும். 600 தண்டு ஏறத்தாழ 52 பவுண்டுக்கும், 700 தண்டு 45 பவுண்டுக்கும் சமம். இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே விறைப்பான அம்பை வாங்கும் தவறு பாதி குறைந்துவிடும்.

வில்லின் வெட்டும் முக்கியம். ஷெல்ஃப் பகுதி நடுக்கோடு வரை வெட்டப்பட்ட ரிகர்வில் அம்பு கிட்டத்தட்ட நேராகப் புறப்படும். அவ்வளவு ஆழமாக வெட்டாத லாங்போவில் அது வில்லைச் சுற்றி வளைந்தாக வேண்டும், அதனால் விறைப்பு குறைந்த தண்டு தேவை. தொடக்கத்துக்கு எங்கள் பரிந்துரை: கையில் 45 பவுண்டு இழுக்கும் ரிகர்வுக்கு 500, அதே பவுண்டு லாங்போவுக்கு 600. 35 பவுண்டு ரிகர்வுக்கு 600, லாங்போவுக்கு 700. இவை தொடக்கப் புள்ளிகள்தான். ஒரு டஜனை மொத்தமாக வாங்காமல், பக்கத்துப் பக்கத்து ஸ்பைனில் சில தண்டு மட்டும் வாங்குங்கள். தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதற்கான அளவு ±0.006 அங்குலம் என்றிருந்தால் போதும், ±0.001க்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

3. எடைக் கணக்கு

மரபு வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 கிரெயினாவது (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) அம்பில் எடை இருக்க வேண்டும். 9, 10 இருந்தால் வில் அமைதியாகும், கையில் அதிர்வும் குறையும். மிக இலேசான அம்பு, அம்பில்லாமல் வெறும் நாணை விடுவதற்கு அடுத்தபடியான கேடு. பழைய மர வில்லுக்கு அது நிச்சயம் ஆகாது.

45 பவுண்டு வில்லுக்கு ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். அங்குலத்துக்கு 8 கிரெயின் உள்ள 30 அங்குலத் தண்டு 240, முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் பித்தளை இன்சர்ட் 50, முனை 150, நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் கவ்வி 10, 4 அங்குல இறகு மூன்றும் சேர்த்து 9. மொத்தம் 459 கிரெயின், அதாவது 30 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பவுண்டுக்கு 10.2. இப்படி முன்பக்கம் கனத்த அம்பின் சமநிலைப் புள்ளி கவ்வியிலிருந்து சுமார் 20.7 அங்குலத்தில் விழும். பாதி நீளமான 15ஐக் கழித்து, மீதியை 30ஆல் வகுத்தால் முன்கனம் 19 சதவீதம். மரபு வில்லுக்கு இது நல்ல அளவு.

4. வெட்டாமல், இறகு ஒட்டாமல் எய்து பாருங்கள்

இன்சர்ட்டைத் தற்காலிகமாக ஹாட் மெல்ட் பசையால் ஒட்டுங்கள். சூடு காட்ட வேண்டியது இன்சர்ட்டுக்குத்தான், தண்டுக்கு அல்ல. முனையைத் திருகி, அதைக் குறடால் பிடித்துக்கொண்டு சூடாக்கி, பசை தடவி நுழைக்க வேண்டும். தண்டை விரலால் பிடிக்க முடியாத அளவு சூடேறினால் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினே பழுதாகிவிடும்.

100, 125, 150, 175, 200 கிரெயின் முனைகளில் ஒவ்வொன்று கையில் இருக்கட்டும். 10 மீட்டரில் ஒரே ஸ்பைனில் இறகு ஒட்டிய மூன்று அம்பும் (ஒட்டும் முறை 6ஆம் பகுதியில்), இறகில்லாத வெறுந்தண்டு இரண்டும் எய்யுங்கள். இலக்கு மென்மையான ஃபோமாக இருப்பது நல்லது. சாய்ந்து குத்தும் வெறுந்தண்டு கெட்டியான இலக்கில் ஒடிந்துவிடும்.

முதலில் மேல், கீழைச் சரிசெய்ய வேண்டும். நாணில் அம்பு பூட்டும் புள்ளியை, அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு 15 மி.மீ. மேலே வைத்துத் தொடங்குங்கள். வெறுந்தண்டு இறகு அம்புகளுக்குக் கீழே குத்தினால் புள்ளியைக் கொஞ்சம் இறக்குங்கள், மேலே குத்தினால் ஏற்றுங்கள். தாழ்வாகத் தொடங்கினால் அம்பின் வால் ஷெல்ஃபில் பட்டுத் துள்ளும், விடை குழம்பிவிடும்.

பிறகு இடம், வலம். வெறுந்தண்டு இடப்பக்கம் குத்தினால் தண்டு விறைப்பு: கனமான முனை போடுங்கள். வலப்பக்கம் குத்தினால் மென்மை: இலேசான முனை போடுங்கள், அதுவும் போதாவிட்டால் தண்டின் நீளத்தைக் குறையுங்கள். 10 மீட்டரில் ஒத்துவந்ததும் 15, பிறகு 20 மீட்டர்.

இதில் ஒரு பொறி உண்டு. மிக விறைப்பான தண்டு வில்லில் மோதி எதிர்ப்பக்கம் திரும்பி, மென்மையானதுபோல வலப்பக்கம் குத்தும். மென்மை என்று நம்பி வெட்டினால் இன்னும் விறைப்பாகும், டஜனே வீண். சந்தேகம் வந்தால் கனமான முனை போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே மென்மையாக இருந்தால் நிலைமை மோசமாகும், பொய்யாக இருந்தால் சீராகும். வில்லில் அம்பு உரசிப் போகும் பக்கத்தட்டில் புதிதாகத் தேய்ந்த கோடும் இடிக்கும் சத்தமும் அதற்குச் சாட்சி.

5. வெட்டுவது

ஒரு தடவைக்கு 6 மி.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். ஹேக்சா பிளேடும் குழாய் வெட்டியும் கார்பன் இழையைப் பிளந்துவிடும். வேகமாகச் சுழலும் சிறு கருவியில் உராய்வு வட்டைப் பொருத்தி, வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்டைச் சுழற்றிக்கொண்டே வெட்டுங்கள். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் கறுப்புத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது, அதை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிறகு வெட்டு முகத்தை மணல்தாளில் சமப்படுத்துங்கள். முகம் கோணலாக இருந்தால் முனையும் கோணலாகத்தான் உட்காரும்.

நீளம் உறுதியானதும் தண்டின் உட்புறத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். இன்சர்ட்டை எபாக்சியால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். இலக்கிலிருந்து பிடுங்கும்போது முனை உள்ளேயே தங்கிவிடுவது பெரும்பாலும் இந்தத் தூளைத் துடைக்காததால்தான்.

6. இறகு

இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேன் வேண்டவே வேண்டாம். ஷெல்ஃபின் மேல் இறகு மடங்கிக் கடக்கும், வேனோ உதைத்து அம்பைத் திருப்பிவிடும். 4 அல்லது 5 அங்குல இறகு மூன்று, மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் ஒரே அம்பில் கலந்தால் அது ஒழுங்காகச் சுழலாது. மூன்றில் வேறு நிறமுள்ள இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

ஒட்டியபின் ஒவ்வொரு இறகின் முன்நுனியிலும் ஒரு சொட்டுப் பசை வைத்து, விரலால் தடவினால் வழுக்கும்படி செய்யுங்கள். அம்பு வில் பிடித்த உங்கள் கைக்கு மேலேயே பாய்கிறது. தூக்கி நிற்கும் இறகுத்தண்டின் நுனி ஊசிபோலத் தோலில் ஏறும்.

7. கவ்வி நாணைப் பிடிக்கும் அளவு

அம்பை நாணில் பூட்டி முனை தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது, நாணை விரலால் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் நாணின் சுற்றுநூலை மெல்லியதாக மாற்றிச் சுற்றுங்கள். தொங்கவிட்டதுமே விழுகிற கவ்வியோடு எய்ய வேண்டாம். இழுக்கும்போது அம்பு நாணை விட்டுக் கழன்றால் வெறும் வில்லை விட்டதாகிவிடும்.

8. எய்யும் முன் ஒவ்வொரு தடவையும்

மரம் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், கார்பன் பல நேரம் காட்டிக்கொள்ளாது. அம்பின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வளையுங்கள். சிறிது திருப்பி மறுபடி வளையுங்கள், ஒரு சுற்று முடியும்வரை. நொறுங்கும் சத்தம் லேசாகக் கேட்டாலும், விரலில் ஒரு இழை குத்தினாலும், அந்த அம்பை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாண் விடுபடும் கணத்தில் பிளந்து, வில் பிடித்த கையின் கட்டைவிரலடியில் பாயும். கல்லில் பட்ட அம்பு, இன்னொரு அம்போடு மோதிய அம்பு, குறிதவறி மரத்தில் அடித்த அம்பு என எதையும் இந்தச் சோதனை இல்லாமல் மறுபடி நாணில் ஏற்றாதீர்கள்.