பின்னால் மாட்டும் முன்: பழைய மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

அப்பச்சி 1996-ல் வாங்கிய மிட்சுபிஷி சக்தி எம்டி 180டி இன்றும் எங்கள் பள்ளத்தூர்த் தோப்பில் ஓடுகிறது. மூன்று சிலிண்டர், 18.5 ஹெச்பி. இன்ஜினைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. டீக்கடையில் நிறுத்தினாலே நாலு பேர் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வண்டியின் பின்புறத்தைப் பற்றி. அங்கே மாட்டுகிற கலப்பையோ கருவியோ சேரவில்லை என்றால், இன்ஜின் எத்தனை நன்றாக இருந்தாலும் அது தோப்பைச் சுற்றிப் பார்க்கிற வாகனம்தான்.

எனக்கு இது காசு கொடுத்துத்தான் தெரிந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒருவர், மண்ணைக் கீறுகிற ஒன்பது கொத்துகள் உள்ள கலப்பையைச் சல்லிசாகத் தருகிறேன் என்றார். வாங்கிக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். கலப்பையை வண்டியோடு இணைக்கிற இரும்பு முளை, அதாவது பின், கட்டைவிரலை விடத் தடி. அது நுழைய வேண்டிய என் வண்டியின் பின்புறக் கையின் துளையோ சின்னது. காரைக்குடியிலிருந்து வந்த பட்டறைத் தம்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது நாற்பத்தஞ்சு ஹெச்பி வண்டிக்குள்ளது. உங்க வண்டி இதைத் தூக்குமா, இது உங்க வண்டியைத் தூக்குமா?" என்றார். அந்தக் கலப்பை எட்டு மாதம் கொட்டகையில் கிடந்து, வாங்கிய விலையில் பாதிக்குப் போனது.

ஆகவே முதலில் அளவு, அப்புறம்தான் பேரம்.

வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் நீட்டிக் குறைக்கக்கூடிய ஒரு டாப் லிங்க். இந்த மூன்று புள்ளி அமைப்பை வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1920-களில் உருவாக்கிக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் ஓடுகிற மாஸி பெர்குசனில் உள்ள பெர்குசன் அவர்தான். அதற்கு முன்பு கலப்பையை மாட்டு வண்டி மாதிரி பின்னால் கட்டித்தான் இழுத்தார்கள். கொழு பாறையில் சிக்கினால் வண்டியின் முன்பக்கம் குதிரை போல எழும்பும். மூன்று புள்ளியில், கொழு சிக்கும்போது டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது, முன் சக்கரம் தரையில் நிற்கிறது. செம்புறாங்கல் பூமியில் உழுகிற நமக்கு இந்த ஒன்று போதும், அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதன் அளவுகளுக்கு வகை எண் உண்டு. 20 ஹெச்பி வரையுள்ள குட்டி வண்டிகளுக்கான பூஜ்ய வகையில் மேலும் கீழும் பின் 16 மில்லிமீட்டர் தடிமன். ஒன்றாம் வகையில் மேல் பின் 19, கீழ்ப் பின் 22 மில்லி. இரண்டாம் வகையில் மேலே 25, கீழே 28 மில்லிக்குப் பக்கம். பின் மட்டும் பொருந்தினால் போதாது. இரண்டு கீழ்ப் பின்களுக்கு நடுவிலுள்ள அகலமும் வகைக்கு வகை கூடும். பூஜ்யத்தில் அது ஏறத்தாழ 51 சென்டிமீட்டர், ஒன்றில் 68. பழைய கலப்பை விற்கிற இடங்களில் கிடப்பதில் பெரும்பாலானவை 35 ஹெச்பிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கானவை. மினிக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சந்தைக்கு வெர்னியர் காலிப்பர் எடுத்துக்கொண்டு போக எனக்குக் கூச்சம். சுருக்குப் பையில் சில்லறையாகவே அளவுகோல் வைத்திருக்கிறேன். 2011 வாக்கில் வந்த, ₹ குறி போட்ட ஒரு ரூபாய்க் காசின் விட்டம் 22 மில்லிக்கு மயிரிழை குறைவு. அதே வரிசை இரண்டு ரூபாய் 25 மில்லி. கையின் துளையில் ஒரு ரூபாய் நுழைந்து இரண்டு ரூபாய் நுழையவில்லை என்றால் அது ஒன்றாம் வகை. காசின் அளவு வரிசைக்கு வரிசை மாறுகிறது. அதனால் வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, சரியான காசில் நகப்பூச்சு வைத்துத் தனியே போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுத் திண்டாடினேன்.

பழைய வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இரண்டு கையும் ஒரே தாய்ப் பிள்ளைகளா? என் வண்டியில் இடது கை கம்பெனியோடு வந்தது. வலது கை எந்த வண்டியிலிருந்து எப்போது வந்து சேர்ந்தது என்று அப்பச்சிக்கே தெரியாது. அதன் துளை தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. பின்னை நுழைத்து ஆட்டினால் டொக் டொக் என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால், கை நுனியில் துளையோடு இருக்கிற உருண்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். சூட்டில் உருண்டை கூட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பாமல் போகும், அப்புறம் கையே கோணும்.

வகை ஒத்துவராத கலப்பை ஏற்கெனவே கையில் இருந்தால் என்ன செய்வது? வண்டித் துளை பெரிது, கலப்பைப் பின் சிறிது என்றால் எளிது. பின்மேல் புஷ் என்கிற இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று மாட்டினால் முடிந்தது, கடையிலேயே கிடைக்கும். தலைகீழாக இருந்தால், அதாவது பின் பெரிது துளை சிறிது என்றால், துளையைப் பெரிதாக்கப் போகாமல் பின்னை மாற்றுங்கள். பெரும்பாலான கலப்பைகளில் பின் நட்டுப் போட்டுத்தான் நிற்கும், கழற்றலாம். லேத்தில் கொடுத்துக் கடையும்போது "ஈஎன் 8-ல போடுங்கண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது உறுதியான எஃகு. சொல்லாவிட்டால் சாதாரண எம்எஸ் (மென் எஃகு) ராடில் கடைந்து தந்துவிடுவார்கள். இரண்டு மழைக்குள் அது வாழைப்பழம் மாதிரி வளையும்.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். ஒஹையோவில் இருக்கும் என் தம்பி மகன், 1960-களில் செய்த கப் கேடட் தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிப் படம் அனுப்பினான். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-ல் தொடங்கிய வரிசை அது. பின்னால் பார்த்தால் மூன்று புள்ளியைக் காணோம். அந்தக் காலத்து அமெரிக்கத் தோட்ட வண்டிகள் பலவற்றில் ஸ்லீவ் ஹிட்ச் என்ற அமைப்புதான். கலப்பைக் கழுத்தில் ஒரு குழாய், வண்டியில் ஒரு கவை, மேலிருந்து சொருக ஒரே ஒரு பின். கென்டக்கியிலுள்ள லூயிவில் ஊரின் பிரின்லி கலப்பைகள் அதற்கென்றே வந்தவை. மாட்டுவதும் கழற்றுவதும் அரை நிமிஷ வேலை. ஆனால் நம் மூன்று புள்ளிச் சாமான் அதில் மாட்டாது, அந்தக் கலப்பை நம் வண்டியில் மாட்டாது. நடுவில் பூஜ்ய வகை இணைப்பு ஒன்று தனியாகச் செய்தால்தான் உண்டு. யூடியூபில் அவர்கள் ஒற்றைக் கையால் மாட்டுவதைப் பார்த்துவிட்டு நம் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, மாட்டுகிற வேலைக்கு வருவோம். வரிசை முக்கியம்: முதலில் இடது கை, அடுத்து வலது கை, கடைசியில் டாப் லிங்க். பெரும்பாலான வண்டிகளில் இடது தூக்குக் கம்பி நீளம் மாறாதது. வலதில்தான் திருகு இருக்கும். இடதை மாட்டிவிட்டுத் திருகைச் சுற்றினால் வலது கை தானாக ஏறி இறங்கிப் பின்னுக்கு நேராக வரும். கழற்றும்போது அப்படியே தலைகீழ். டாப் லிங்கை முதலில் எடுங்கள்.

தனியாளாக மாட்டுவதற்கு எனக்குக் கைகொடுப்பது கல்தூண் துண்டுகள். எங்கள் வளவுக்குப் பின்னால் இடிந்த வீடு ஒன்றின் கருங்கல் தூண்கள் கிடந்தன. தேக்குத் தூணுக்கு ஆள் வருவான், ஒடிந்த கல்லுக்கு யாரும் வரமாட்டான். நாலு துண்டை உருட்டிவந்து, கலப்பையைக் கழற்றும்போது அதன்மேல் இறக்குகிறேன். பின்னின் உயரம் வண்டிக் கையின் உயரத்துக்குச் சரியாக நிற்கும். அடுத்த முறை பின்வாங்கி நிறுத்தினால், கையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். வெறும் மண்ணில் போட்டால் மழைக்குப் பிறகு கொழு அரையடி புதைந்திருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் கிடைக்காது.

மாட்டிய பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்வரிசைக் கொத்து ஆழமாகவும் பின்வரிசை மேலோட்டமாகவும் போனால் டாப் லிங்கை நீட்டுங்கள். பின்வரிசை ஆழமாகப் போனால் குறையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு சுற்றுப் போதும். பின்னால் நின்று பார்க்கையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வலது திருகு. எங்கள் தோப்பில் முக்கால் அடிக்குக் கீழே செம்புறாங்கல். அதனால் நான் ஆழத்துக்கு ஆசைப்படுவதில்லை. ஐந்து கொத்து ஸ்பிரிங் கலப்பைதான் வைத்திருக்கிறேன். கல்லில் பட்டால் கொத்து பின்னால் மடங்கிவிட்டுத் திரும்ப வரும். ஸ்பிரிங் இல்லாத கலப்பையில் முதல் நாளே ஒரு கொத்தை வளைத்துக்கொண்டு வந்தவள் நான்.

செக் செயினை யாரும் மதிப்பதில்லை. கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற சங்கிலி அது. உழும்போது கொஞ்சம் தளர்வு வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் கைக்கு வேதனை. சுழன்று மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் மாட்டினாலும் சாலையில் போனாலும் இறுக்கிவிட வேண்டும். பின் கழன்று போகாமல் பூட்டுகிற லிஞ்ச் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றுகிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. புதுவயல் ரோட்டில் எனக்கு முன்னால் போன வண்டியிலிருந்து கலப்பை ஒருபக்கமாகக் கழன்று தாரைக் கீறிக்கொண்டே போனதைப் பார்த்த நாளிலிருந்து, சீட்டுக்கு அடியில் நாலு லிஞ்ச் பின் உபரியாக வைத்திருக்கிறேன்.

இனி சொல்வதை மட்டுமாவது தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சீமைக் கருவேல வேரை இழுக்கச் சங்கிலியை எங்கே கட்டுவீர்கள்? நான் டாப் லிங்க் மாட்டுகிற காதில் கட்டினேன். உயரமாக இருந்தால் வேர் மேலே வரும் என்ற கணக்கு. முதல் கியரில் கிளட்சை விட்டதும் வேர் அசையவில்லை, பின் சக்கரமும் சுற்றவில்லை. முன்பக்கம் எழுந்தது. பம்பருக்கு மேலே தென்னை மட்டை தெரிந்தது நினைவிருக்கிறது. சங்கிலிக் கொக்கி நழுவி விட்டதால் வண்டி தொப்பென்று திரும்ப உட்கார்ந்தது. நான் கிளட்சை மிதித்தது அதற்குப் பிறகுதான். இழுவைப் புள்ளி அச்சுக்கு மேலே இருந்தால், சக்கரம் சுற்ற முடியாதபோது அச்சைச் சுற்றி வண்டியே சுழன்றுவிடும். மல்லாந்து விழ ஒரு நொடிதான் ஆகும், கால் அந்த வேகத்துக்கு வராது. எதை இழுத்தாலும் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில், அதாவது டிராபாரில்தான். டிரெய்லரும் அங்கேதான். வேருக்கு ஜேசிபியைக் கூப்பிடுங்கள், ஒரு மணி நேர வாடகை ஆஸ்பத்திரிச் செலவை விடக் குறைவு.

பின்னால் பாரம் தூக்கும்போதும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரை ஏறும்போது ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசானால், முன்னால் எடைக்கட்டி போல்ட் போட்டு மாட்டுங்கள்.

ரோட்டவேட்டருக்குப் போனால், இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு வந்துவிடுகிறது. ஆறு பல், 35 மில்லி, நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு ஒன்பது. முந்தானை நுனி சிக்கினால் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுற்று. நான் வண்டியில் ஏறும் நாளில் சேலை கட்டுவதில்லை. சுடிதார், துப்பட்டா கிடையாது, மேலே அப்பச்சியின் பழைய சட்டை. ஆண்கள் துண்டையும் கைலி நுனியையும் நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு இணைக்கிற தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத ரோட்டவேட்டரை இனாமாகக் கொடுத்தாலும் உறை வாங்கிப் போட்ட பிறகே ஓட்டுங்கள். தண்டின் இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். ஆனால் தூக்கி இறக்கும்போது எந்த நிலையிலும் முட்டி நிற்கக் கூடாது. இரண்டு முனைக் கவையும் ஒரே வாக்கில் இருக்கட்டும். கால் சுற்று மாறிப் போட்டால் வண்டியே நடுங்கும். வரப்பில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். இந்த ஹெச்பிக்கு ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர் போதும்.

மற்றபடி மினிக்கு உருப்படியானவை மண் தள்ளும் பிளேடும் பார் அணைக்கும் கலப்பையும். சட்டிக் கலப்பை ஆசை வேண்டாம்.

வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது தூக்கிய சாமானைத் தரைக்கோ கல்லுக்கோ இறக்கிவிடுங்கள். தூக்கி நிறுத்திவிட்டு அடியில் குனிந்து புல் எடுக்கவே கூடாது. பழைய ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று அதற்கே தெரியாது. பின்களைக் கழற்றினால் துடைத்துக் கழிவு ஆயிலில் முக்கி எடுத்து வையுங்கள். துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953-லிருந்து நடக்கிறது. இருந்தும் எங்கள் கொட்டகையில் ஒரு ஐப்பசி மழைக்குப் பின்கள் சிவந்து போய்விடும். நான் ஆச்சியின் பழைய முறுக்கு டின் ஒன்றில் ஆயில் ஊற்றி வைத்திருக்கிறேன். மூடியில் சுண்ணாம்பால் எழுதியிருப்பது: இடது, வலது, மேல்.