கார்ப்பெட்டைப் பிடுங்கும் முன் பத்திரத்தைப் படியுங்கள்

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் வரவேற்பறையில் காலை வைத்ததும் சொல்வது ஒன்றுதான்: "முதலில் இந்தக் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு நல்ல தரை போட வேண்டும்." புரிகிறது. பெருக்கி, தண்ணீர் விட்டுத் துடைத்து, வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களுக்கு, சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும் துணி சுத்தமாகத் தோன்றாது. யார் யாரோ நடந்த அழுக்கு அதற்குள்ளேயே இருக்குமே என்ற அருவருப்பு வேறு. ஆனால் மாடி வீட்டில் அந்தத் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழ் வீட்டுக்காரரின் தூக்கத்தை அதுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நண்பர் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை, தரையில் கை வைக்காதீர்கள். குடிபோகும் அன்றே கார்ப்பெட்டில் இருக்கும் கறை, தேய்மானம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ மெயிலில் அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்தம் செய்ய அவர்கள் முதலில் பார்ப்பது தரையைத்தான். அவ்வளவுதான், மேலே போவோம்.

நண்பர் சொந்தமாக ஃபிளாட் வாங்கினார், இரண்டாவது மாடி. சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கார்ப்பெட்டைச் சுருட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு லேமினேட் பலகை போட்டார். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் கீழ் வீட்டம்மா வந்து கதவைத் தட்டினார். மரியாதையாகத்தான் பேசினார். காலையில் நீங்கள் யார் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறீர்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரிகிறது என்றார். நண்பருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வீட்டுக்குள் செருப்புகூடப் போடுவதில்லை, நம் மேலேயே புகாரா?" என்று என்னிடம் கத்தினார்.

செருப்பு போடாததுதான் விஷயமே. பேச்சு, பாட்டு, டிவி எல்லாம் காற்றில் பரவும் சத்தம். குதிகால் தரையில் மோதுவது அப்படியல்ல, கட்டடத்தின் எலும்பு வழியாகவே இறங்கும். ஊரில் நம் மாடிகள் கான்கிரீட். குளிர் நாடுகளில் பழைய கட்டடங்கள் பலவற்றில் மர உத்திரம், அதன்மேல் பலகை, அடியில் பிளாஸ்டர் போர்டு, நடுவில் வெற்றிடம். மேலே வெறுங்காலின் குதிகால் விழுந்தால் கீழே மத்தளம்தான். குழந்தை பொம்மைக் காரைப் போடுவதும் நாற்காலியை இழுப்பதும் இதோடு சேரும்.

கடைக்காரர் ஏமாற்றினாரா என்றால், அதுவும் இல்லை. பலகைக்கு அடியில் விரிக்கும் அண்டர்லே என்ற நுரைச் சுருளின் உறையில் '19 டெசிபெல் சத்தம் குறையும்' என்று போட்டிருந்தது. எண் சரியானதுதான். ஆனால் அந்த மாதிரி எண்களைப் பொதுவாக ஆய்வுக்கூடத்தில் கனமான கான்கிரீட் தளத்தின்மேல் விரித்துத்தான் அளக்கிறார்கள். மரத்தளத்தில் அந்தப் பலன் கிடைக்காது, அதுவும் குதிகாலின் அடித்தொனிக்கு அந்த மெல்லிய நுரையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே கடையில் "இது எத்தனை டெசிபெல்?" என்று கேட்டுப் பயனில்லை. "என் வீட்டுத் தளம் மரம், இது மரத்தளத்தில் சோதித்ததா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. வரவேற்பறை, படுக்கையறை, நடைவழியில் கார்ப்பெட் விரித்தே இருக்க வேண்டும், மாற்றுவதானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று பத்திரத்திலேயே இருந்ததாம். வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டின் நடுப்பக்கம் ஒன்றில், பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்ற வரிக்குப் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. லேமினேட்டுக்கு ஒரு செலவு, அதைப் பிரித்தெடுக்க ஒரு செலவு, புதுக் கார்ப்பெட்டுக்கு ஒரு செலவு. தூக்கிப்போட்ட பழைய கார்ப்பெட் நல்ல நிலையில் இருந்தது என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இது அபூர்வமான விதி இல்லை. இங்கிலாந்தில் ஃபிளாட்டுகளின் லீஸ் (நீண்டகாலக் குத்தகை) பத்திரங்களில் இந்த வரி சகஜம். நியூயார்க்கில் பல ஒப்பந்தங்கள் அறைத் தரையில் 80 சதவீதத்தை விரிப்பால் மூடச் சொல்கின்றன. சிட்னி பக்கம் அடுக்குமாடிச் சங்கங்களின் விதிகளில், சத்தம் கீழே போகாதபடி தரையை மூட வேண்டும் என்றிருக்கும். வாங்குவதற்கு முன்பே வக்கீலிடம் தரை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

கீழ்த்தளம் அல்லது தனி வீடு என்றால் உங்கள் இஷ்டம். என் கட்சி, வரவேற்பறைக்குக் கெட்டியான தரைதான். நடுவில் ஒரு பெரிய விரிப்பு, அடியில் வழுக்காத பேட். தரையில் உட்காரும் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கும் அது போதும். தூசியால் தும்மல் வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் லேமினேட் போட்டால் ஊரில் துடைப்பது மாதிரி துடைக்கக் கூடாது. மேலே தெரிவது மரத்தின் படம், உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. வாளித் தண்ணீரில் முக்கிய மாப்பை அப்படியே ஓட்டினால் இணைப்புகளில் நீர் இறங்கி ஓரங்கள் உப்பும். உப்பியது காய்ந்தாலும் அடங்காது. பிழிந்து பிழிந்து ஈரம் மட்டும் இருக்கும் துணிதான் அதற்கு. நீராவி மாப்பை எடுக்கவே வேண்டாம். தண்ணீர் விட்டுத்தான் திருப்தி என்றால் டைல்ஸ் போடுங்கள், குளிர்காலத்தில் பாதம் சில்லிடும்போது என்னைத் திட்டாதீர்கள். வினைல் பலகை நடுவழி: தண்ணீருக்கு அஞ்சாது, டைல்ஸ் அளவுக்குக் குளிராது.

கார்ப்பெட்தான் என்று அமைந்துவிட்டால் ஒரு நல்ல வாக்குவம் வாங்குங்கள், துடைப்பத்தை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். ஏதாவது கொட்டினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். மொத்தமாக நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் அடிவரை காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பலகை போடுகிறவர்களுக்கு: அறை அளவுக்கு மேல் ஒரு பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், வெட்டலில் போகும். மிஞ்சிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டிலேயே வையுங்கள். ஒரு பலகை கெட்டால் மாற்றுவதற்கு அதே நிறம் பிற்பாடு கடையில் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை.