ஆசிரியருக்கு ஒரு ஆடம்ஸ்: கட்டும் முறை, சட்டமிடும் முறை

ஃப்ளை மீன்பிடிப்பில் ஒருவருக்குச் செய்யும் பெரிய மரியாதை, ஒரு தூண்டில் பூச்சிக்கு, அதாவது முள்ளில் இறகும் ரோமமும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிக்கு, அவர் பெயரை வைப்பது. மிச்சிகன் மாநிலம் மேஃபீல்டில் 1922-இல் லெனர்ட் ஹாலடே புதிதாக ஒரு பூச்சி கட்டினார். அதை முதலில் போர்ட்மன் ஆற்றில் வீசிப் பார்த்தவர் அவருடைய நண்பர் சார்லஸ் ஆடம்ஸ். ட்ரௌட் மீன்கள் நன்றாகக் கடித்தன. பூச்சிக்கு ஆடம்ஸ் என்றே பெயர் ஆயிற்று. அதே ஆற்றில் 2012 முதல் 2018 வரை மூன்று அணைகள் அகற்றப்பட்டன. அந்தக் கரையில் பிள்ளைகளுக்குத் தூண்டில் வீசவும் ஆற்றைக் காக்கவும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஓய்வுபெறும்போது, கடையில் வாங்கிய கேடயத்தைவிட மாணவர் கையால் கட்டிக் கண்ணாடிச் சட்டமிட்ட ஆடம்ஸ்தான் பொருத்தமான பரிசு.

தேவையானவை: 14-ஆம் எண் உலர்பூச்சி (நீர்மேல் மிதக்கும் பூச்சி) முள், 8/0 என்னும் மெல்லிய கறுப்பு நூல், பண்ணைச் சேவலின் பழுப்பு இறகு ஒன்று, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ‘கிரிஸ்லி’ இறகு ஒன்று, சிறகுக்கு இரண்டு கிரிஸ்லி இறகு நுனிகள், மஸ்க்ரேட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் சாம்பல் நிற அடிரோமம் ஒரு சிட்டிகை. ரோமத்தில் கலந்திருக்கும் நீண்ட முரட்டு முடிகளை முன்பே பிடுங்கிவிடுங்கள்.

முள்ளின் முனைக்கருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிய பிறகு வைஸில் (முள்ளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடியுங்கள். கட்டிய பின் நசுக்கினால், முள் உடையும்போது உழைப்பெல்லாம் வீண். முள்ளின் காதுக்கு (நரம்பு நுழையும் துளை) பின்னால் ஒரு காதளவு இடத்தை வெறுமையாக விட்டு நூலைத் தொடங்குங்கள். முதல்முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். இடம் விடாவிட்டால் கடைசி முடிச்சு காதை அடைத்துவிடும், தூண்டில் நரம்பு நுழையாது.

சிறகை முதலில் கட்ட வேண்டும். இரண்டு நுனிகளையும் பளபளப்பான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்தால், அவை தாமாகவே வெளிப்புறம் விரியும். நுனி காதுக்கு அப்பால் நீட்டியிருக்க, தண்டில் (முள்ளின் நேரான பகுதி) காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கட்டுங்கள். சிறகின் உயரம் தண்டின் நீளம் இருக்கட்டும். பிறகு சிறகை நிமிர்த்தி, அதன் முன்னால் நாலைந்து சுற்று நூலை அணைபோல் குவியுங்கள். சிறகுகளுக்கு இடையே நூலை எட்டு வடிவில் ஓட்டிப் பிரியுங்கள்.

வாலுக்குப் பழுப்பும் கிரிஸ்லியும் கலந்த எட்டுப் பத்து இழைகள் போதும். இதுவும் தண்டின் நீளமே. கட்டும்போது விரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் நூலின் முறுக்கு வாலைத் தண்டின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

உடலுக்கு, மெழுகிட்ட நூலில் ரோமத்தை ஒரே திசையில் உருட்டுங்கள். நூல் சற்றே தடித்ததுபோல் தெரிந்தால் போதும். ரோமம் கூடினால் தண்ணீரை உறிஞ்சும், பூச்சி மிதக்காது. வாலருகே மெலிந்தும் சிறகருகே சற்றுப் பருத்தும் சுற்றுங்கள்.

ஹேக்கிள் (பூச்சியின் கால்கள்போல் சுற்றும் சேவல் இறகு) இழை, முள்ளின் வாய் (தண்டுக்கும் முனைக்கும் இடைவெளி) அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அதைவிட நீண்டால் பூச்சி தண்ணீரில் சரியாக நிற்காது. பழுப்பைச் சிறகுக்குப் பின்னால் மூன்று சுற்று, முன்னால் இரண்டு சுற்று. அதன் மேல் கிரிஸ்லியை லேசாக ஆட்டி ஆட்டிச் சுற்றினால் முந்தைய இழைகள் நசுங்காது. கடைசியாக, நூலைத் தன்மேலேயே சுற்றி இறுக்கும் விப் முடிச்சு ஐந்து சுற்று, அதன்மேல் ஊசி முனையில் ஒரு துளி வார்னிஷ்.

இறகு விஷயத்தில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். அழகுக்காகக் கண்ணாடிச் சட்டத்தில் காட்டுப் பறவை இறகைச் சேர்க்காதீர்கள். கரையில் கிடந்த நாரை இறகை எடுத்து வைத்திருப்பதுகூட அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகும் சால்மன் பூச்சிகளுக்காக ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறியதுதான். ஆற்றைக் காத்தவருக்குத் தரும் பரிசில் அது வேண்டாம்.

சட்டமிடும் முன் பூச்சியைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். இறகு தின்னும் வண்டின் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் பூச்சிமேல் ஈரம் படிந்து முள் துருப்பிடிக்கும். 3 செ.மீ. ஆழமுள்ள சட்டமும் அமிலமில்லாத அட்டையும் வாங்குங்கள். பசை நாளடைவில் மஞ்சளாகி இறகில் ஏறும். ஆகவே முள்ளின் வளைவில் மெல்லிய செப்புக் கம்பியைக் கோர்த்து, அட்டையில் இரண்டு ஊசித் துளை வழியே இழுத்துப் பின்புறம் முறுக்குங்கள். கீழே பூச்சியின் பெயர், முள்ளின் எண், ஆற்றின் பெயர், நாள், கட்டிய மாணவர்களின் கையெழுத்து. வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று பின்பக்கம் எழுதிவிடுங்கள். இறகின் நிறம் வெளுக்கும்.

சட்டத்துக்குள் இருக்கும் பூச்சியால் மீன் பிடிக்க முடியாது. அதனால் கூடவே ஒரு சின்னப் பெட்டியில் 12, 14, 16 எண்களில் இரண்டிரண்டாக ஆறு ஆடம்ஸ் கட்டிக் கொடுங்கள், எல்லாவற்றிலும் எதிர்முள் நசுக்கியே.