பென்டாக்ஸ் கே1000: கோளாறு ஷட்டரிலா, மீட்டரிலா?

பென்டாக்ஸ் கே1000 1976 முதல் 1997 வரை தயாரான பிலிம் கேமரா. ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு துணித் திரைகள்; முழுக்க இயந்திரத்தால் ஓடுவது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளுக்கு மட்டும்தான். படம் சரியாக விழவில்லை என்றால் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். கழுவி வந்த நெகட்டிவை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

படி 1: நெகட்டிவ்

ஓரத்தில் பிலிமின் பெயரும் எண்களும் இருக்கும். அவையே மங்கலாக இருந்தால், கேமராவை விட்டுவிட்டு லேபில் கேளுங்கள். எழுத்துகள் பளிச்சென்று இருந்தும் ரோல் முழுக்க வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் பிலிம் ஓடவே இல்லை. அடுத்த ரோலில் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

பிரிண்ட் போட்ட படத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பா? ஃப்ளாஷ் போட்டு எடுத்திருந்தால் அது கோளாறே இல்லை. இந்தக் கேமராவில் ஃப்ளாஷுக்கு 1/60 செகண்டுதான் எல்லை. அதைவிட வேகமாக வைத்தால் திரை பாதியை மறைத்துவிடும். ஃப்ளாஷ் இல்லாமலும் 1/500, 1/1000ல் அப்படி வந்தால் ஷட்டரைச் சந்தேகிக்கலாம். ஒரே இடத்தில் எல்லா ஃப்ரேமிலும் வெள்ளைப் புள்ளி விழுந்தால் திரைத்துணியில் ஓட்டை. ஆரஞ்சு நிறக் கோடுகள் என்றால் பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கும்; அதை மாற்றுவது எளிது.

படி 2: ஷட்டர்

ரோல் இல்லாதபோது பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றிவிடுங்கள். திரையில் விரல் படவே கூடாது. 1 செகண்டில் வைத்துத் தட்டுங்கள். திறந்தபடி நின்றுவிட்டாலோ, இழுத்து இழுத்து மூடினாலோ, உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். கண்ட ஸ்ப்ரேயையும் அடித்துவிடாதீர்கள். ஸ்ப்ரேயின் எண்ணெய் திரைக்குப் பரவினால், மெக்கானிக்குக் கொடுக்கும் காசு இரட்டிப்பாகும்.

அப்புறம் வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி 1/1000ல் தட்டுங்கள். சட்டம் முழுக்க ஒளிர வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். மெதுவான வேகங்களை 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் போனில் எடுத்துப் பார்க்கலாம்: 1/30 என்றால் ஏறக்குறைய 8 ஃப்ரேம் திறந்திருக்கும். 1/1000ஐ இப்படி அளக்க முடியாது.

படி 3: அப்பர்ச்சர்

லென்ஸை மாட்டி, அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) எஃப் 16 என்ற சிறிய அளவிலும் ஷட்டரை 1 செகண்டிலும் வைத்துத் தட்டிவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். துவாரம் சட்டென்று சிறிதாக வேண்டும். தயங்கித் தயங்கிச் சுருங்கினால் வெயில் படங்கள் எல்லாம் வெளுத்துத்தான் வரும். ஷட்டரைத் திட்டிப் பயனில்லை, லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

படி 4: மீட்டர்

புது எல்ஆர் 44 பேட்டரி ஒன்று போடுங்கள். மீட்டருக்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது, அதனால் எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடி போட்டே இருக்க வேண்டும். ஷட்டர் டயலின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பித்தான் ஏஎஸ்ஏ (பிலிமின் ஒளி உணர்திறன் எண்) வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மீட்டரைக் குறை சொல்கிறார்கள்.

நல்ல வெயிலில் ஏஎஸ்ஏ 200, எஃப் 16, 1/250 வைத்து வெயில் விழும் புல்வெளியைப் பாருங்கள். முள் நடுவை ஒட்டி நிற்க வேண்டும். வெயிலிலும் நிழலிலும் ஒரே அளவு தள்ளி நின்றால், முள் நடுவுக்கு வரும்வரை ஏஎஸ்ஏ வளையத்தை மாற்றிச் சமாளிக்கலாம். இடத்துக்கு இடம் வேறுபட்டால் போனில் ஒரு மீட்டர் செயலி போதும்.

வேக ஷட்டர் மட்டும் கெட்டிருந்தால் உடனே ரிப்பேருக்கு ஓட வேண்டாம். ஏஎஸ்ஏ 100 பிலிம் போட்டு, வெயிலில் எஃப் 16, 1/125 என்று எடுங்கள். 1/500 பக்கமே போகத் தேவையிருக்காது.