சுயபதிப்பு நூலை இணையத்தில் விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தகம் வெளியான அன்றே முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று எல்லா இடத்திலும் லிங்க் போட்டுவிடுகிறார்கள். நாலு நாள் கழித்தும் விற்பனை அசையவில்லை என்றதும் விளம்பரத்தில் பணம் போடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. லிங்கைத் தொட்டு உள்ளே வருகிறவர் பார்க்கும் விற்பனைப் பக்கம் தயாராக இல்லை. ஆகவே பக்கத்திலிருந்தே தொடங்குவோம். விவரங்கள் அமேசானின் கிண்டில் மின்னூல் பதிப்பு முறையை (கேடிபி) ஒட்டியவை.

அட்டைக்கு அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். கணினித் திரையில் அந்த முழு அளவில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. வாசகர் முதலில் பார்ப்பது கைபேசியில், கட்டைவிரல் நகம் அளவில். படத்தை 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பைப் படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். துணைத்தலைப்பு மங்கினால் பரவாயில்லை. வெள்ளைப் பின்னணி என்றால் 3 அல்லது 4 பிக்சலில் சாம்பல்நிற ஓரக்கோடு வேண்டும். இல்லாவிட்டால் அட்டை பக்கத்தின் வெள்ளையில் கரைந்துவிடும்.

நூல் அறிமுகத்துக்கு 4000 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் 'மேலும் படிக்க' என்பதைத் தொடும்வரை முதல் சில வரிகள் மட்டுமே தெரியும். அந்த வரிகளில் ஆசிரியரின் படிப்பையும் விருதுகளையும் அடுக்கினால் கதை என்ன என்றே தெரியாமல் வாசகர் போய்விடுவார்.

குறிச்சொற்களுக்கு 7 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 50 எழுத்துகள். அதில் 'நாவல்' என்று ஒற்றைச் சொல்லைப் போடுவது கட்டத்தை வீணாக்குவது. 'தூக்கமின்மைக்கு எளிய பயிற்சிகள்' என்பதுபோல, தேடுகிறவர் தட்டச்சு செய்யும் தொடரைப் போடுங்கள். தலைப்பில் இருக்கும் சொல்லைத் திரும்ப எழுத வேண்டாம். பிற எழுத்தாளர் பெயர், 'இலவசம்', 'பெஸ்ட்செல்லர்' போன்றவற்றுக்கு அனுமதி இல்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் மதிப்புரை. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவது, 'நான் உனக்கு, நீ எனக்கு' என்று எழுத்தாளர்கள் மாற்றிக்கொள்வது, காசு கொடுத்து வாங்குவது மூன்றும் அமேசான் விதிகளுக்கு எதிரானவை. மதிப்புரைகள் நீக்கப்படலாம், பதிப்புக் கணக்கே முடங்கலாம். விதி ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நாளில் ஒரே தொனியில் விழுந்த பாராட்டுகளை நல்ல வாசகர் உடனே கண்டுகொள்வார், அந்தப் பெயரை மறுபடி நம்ப மாட்டார். நேர்வழி மெதுவானது, ஆனால் நிற்கும். வெளியீட்டுக்கு 3, 4 வாரம் முன்பே, அந்த வகை நூல்களை விரும்பிப் படிக்கும் 20, 30 பேருக்கு இலவசப் பிரதி கொடுங்கள். 'பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நினைத்ததை எழுதுங்கள், எழுதாவிட்டாலும் சரி' என்று சொல்லுங்கள். நிபந்தனை இல்லாமல் பிரதி கொடுப்பதற்குத் தடை இல்லை. பாதிப் பேர் எழுதாமல் விட்டாலும் கவலைப்படாதீர்கள்.

கேடிபி செலக்ட் என்ற விருப்பத் திட்டத்தில் சேரும்போது 90 நாளுக்கு மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த மின்னூல் வேறெங்கும், உங்கள் சொந்த வலைத்தளத்தில்கூட, இருக்கக் கூடாது. மாதிரியாக 10 சதவீதம் வரை வைக்கலாம். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தொடராக எழுதிய அத்தியாயங்களை இணையத்திலிருந்து நீக்காமலே சேர்ந்து இந்த விதியை மீறுவோர் உண்டு. 90 நாள் முடிந்ததும் திட்டம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதில், நூலை இலவசமாகக் கொடுக்கக் கிடைக்கும் 5 நாட்களை ஒரு மதிப்புரைகூட இல்லாத முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். தொடர் நாவலின் முதல் பாகத்துக்கு, அடுத்த பாகம் வந்தபின் பயன்படுத்தினால் பலன் அதிகம்.

முன்பதிவு வைத்தால் இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பே ஏற்றியாக வேண்டும்.

விளம்பரத்தில் கணக்குப் போடாமல் இறங்குவது பணத்தைக் கரைக்கும். ஒரு பிரதிக்கு உங்களுக்கு வரும் ராயல்டி 60, ஒரு கிளிக்குக்குச் செலவு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிளிக்குக்கு ஒரு பிரதி விற்றால்தான் போட்டது திரும்பும். 40 கிளிக்குக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு விற்பனையிலும் 180 நஷ்டம். விளம்பரம் பலருக்குத் தெரிந்தும் யாரும் தொடவில்லை என்றால் அட்டையையும் தலைப்பையும், யாருக்குக் காட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். தொடுகிறார்கள், வாங்கவில்லை என்றால் அறிமுகம், விலை, மாதிரிப் பக்கங்கள் மூன்றில் ஒன்றில் பிழை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

நூலின் கடைசிப் பக்கத்தை வெறுமனே விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முழுதும் படித்து முடித்தவர்தான் உங்கள் அடுத்த நூலை வாங்கப்போகிறவர். அங்கே மின்னஞ்சல் பட்டியலில் சேரும் லிங்க் ஒன்று, மதிப்புரை கேட்டு இரண்டு வரி, அடுத்த நூலின் பெயர் இருக்கட்டும். புதிய நூல் வரும்போதெல்லாம் பழைய மின்னூல்களின் கடைசிப் பக்கத்தையும் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். ஏற்கெனவே வந்த மதிப்புரைகள் அப்படியே இருக்கும்.