லிஸ்ப்: பட்டியலிலிருந்து ஒன்றை எடுப்பதும் அந்த ஒற்றை மேற்கோளும்

லிஸ்ப் என்ற நிரல்மொழியை ஓட்டும் எஸ்.பி.சி.எல். மென்பொருளை நிறுவியாச்சா, திரையில் நட்சத்திரக் குறி தெரிகிறதா? சரி, முதலில் இதைத் தட்டுங்கள். பழப் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில்.

(மா பலா வாழை)

பிழை வரும், வரட்டும். அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பதை ஃபங்ஷன், அதாவது செய்ய வேண்டிய கட்டளை, என்றும், மற்றதை மாறிகள் என்றும் எடுத்துக்கொண்டு லிஸ்ப் தேடும், எதுவும் கிடைக்காது. பிழை வந்ததும் திறக்கும் டீபக்கரில் (பிழை பார்க்கும் திரை) மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், அபார்ட் என்று இருக்கும் வரியின் எண்ணைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

இப்போது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்:

'(மா பலா வாழை)

"இதை இயக்காதே, எழுதியபடியே வைத்துக்கொள்" என்று அதற்குப் பொருள். இந்த ஒன்றே உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் போதும். '('மா 'பலா) என்று ஒவ்வொன்றுக்கும் போட்டால், முதல் உறுப்பை எடுக்கும்போது மேற்கோளும் ஒட்டிக்கொண்டே வரும்.

அடுத்து, எடுப்பது.

(கார் '(மா பலா வாழை)) → மா
(குடர் '(மா பலா வாழை)) → (பலா வாழை)

ஆங்கிலத்தில் தட்டும்போது முதலாவது சி, ஏ, ஆர்; இரண்டாவது சி, டி, ஆர். 1950களின் கடைசியில் லிஸ்ப் முதலில் ஓடிய ஐ.பி.எம். 704 கணினியில் நினைவகத்தின் ஒரு சொல்லுக்கு (வேர்டு) 36 பிட், அதன் இரண்டு பகுதிகளின் பெயரிலிருந்து வந்த சுருக்கங்கள் இவை. ஃபர்ஸ்ட், ரெஸ்ட் என்றும் எழுதலாம், புதிதாகப் படிப்பவர்களுக்கு அதுவே நல்லது என்பேன்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். (குடர் '(மா பலா)) என்றால் பலா வராது, (பலா) வரும். முதலாவதைக் கழித்துவிட்டு மீதியைப் பட்டியலாகவே தருவதுதான் அதன் வேலை, மீதி ஒன்றே ஒன்றானாலும் பட்டியல்தான், ஒன்றுமே இல்லை என்றால் நில் (என், ஐ, எல்), அதாவது வெற்றுப் பட்டியல். பலா மட்டும் வேண்டுமென்றால் மீதியின் முதலாவதை எடுக்க வேண்டும்:

(கார் (குடர் '(மா பலா)))

இதற்கே கேடர் (சி, ஏ, டி, ஆர்) என்று சுருக்கமும் உண்டு. எண் சொல்லி எடுக்க என்த் (என், டி, எச்): (என்த் 2 '(மா பலா வாழை)) → வாழை. எண்ணிக்கை 0-இலிருந்து. 7 என்று கொடுத்தாலும் பிழை சொல்லாது, நில் என்று மட்டும் வரும், அதனால் எதிர்பாராமல் நில் வந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் சிம்பல். 'மா என்பது சிம்பல், அதாவது பெயராகவே நிற்கும் சொல்; "மா" என்பது எழுத்துச்சரம், இரண்டும் வேறு. ஆங்கிலச் சிறிய எழுத்தில் சிம்பல் தட்டினால் பெரிய எழுத்தாக மாறித் திரும்பி வரும், அது பிழை இல்லை, படிக்கும்போதே லிஸ்ப் அப்படி மாற்றிவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, அதனால் மா அப்படியே மாவாகவே வரும்.