ஒரே பக்கத்தில் ஒரே போர்ட்லெட் இரண்டு முறை வந்தால்

போர்ட்லெட்டுக்குள், அதாவது போர்ட்டல் பக்கத்தில் ஒரு பெட்டியாக வரும் சிறு ஜாவா செயலிக்குள், ரியாக்ட் அல்லது வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியை ஓட்டுகிறீர்களா? அதை மவுன்ட் செய்யும் (பக்கத்தில் பொருத்தும்) டிவ்வுக்கு 'ரூட்' என்று நேரடியாக ஐடி வைக்காதீர்கள். பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்பில், தனி முன்னொட்டு தரும் போர்ட்லெட் நேம்ஸ்பேஸ் டேகை ஐடியின் முன்னால் சேர்த்து, அதே ஐடியை ஸ்கிரிப்டுக்கும் கொடுங்கள்.

பாலக்காட்டுப் போர்ட்டல் ஒன்றில் வாளையார் வழிக் கோவை பஸ் நேரத்தைத் தமிழில் ஒரு பெட்டி, மலையாளத்தில் ஒரு பெட்டி என்று ஒரே போர்ட்லெட்டை இரண்டு முறை வைத்தால், நேரடியாக வைத்த ஐடி இரண்டிலும் ஒன்றாகிவிடும். ஸ்கிரிப்ட் முதல் டிவ்வையே பிடிக்கும். அடுத்த பெட்டி காலியாகக் கிடக்கும். நேம்ஸ்பேஸோ பெட்டிக்குப் பெட்டி வேறாக வரும். 2003-இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 என்ற போர்ட்லெட் தரநிலை முதலே இருக்கிற வசதிதான், பலர் கண்டுகொள்வதில்லை.

ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் தனிப் பக்கமாக) ஓடினால் இது தேவையில்லை. சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) மோதலுக்கும், முகவரிப் பட்டைக்குச் சண்டை போடும், செயலிக்குள் திரை மாற்றும் ரவுட்டர்களுக்கும் இது மருந்தல்ல. ரவுட்டரை, முகவரிப் பட்டையைத் தொடாத மெமரி முறைக்கு மாற்றிவிடுங்கள்.